சொத்தும் சுற்றமும்

தைப்பூச நாளன்று பத்துமலைக்குச் சென்று திரும்புவோர் பலருக்கு, அருகில் இளைப்பாற ஓர் உறவினர் வீடு இருக்கும். எங்கள் குடும்பத்தாருக்கு அவ்வீடு என் தாய்மாமனின் வீடாக இருந்தது. குகைக்கோயிலின் 272 படிகளையும் ஏறி இறங்கிய களைப்போடு, கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்சிலிருந்தும் வந்த உறவினர் அனைவரும் நண்பகலில் அங்கே கூடுவர். மாமா இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், மக்கட்பேறு இல்லாதவர். சொந்தமாக ஒரு வீடும், வங்கியில் ஓரளவு சேமிப்பும் அவருக்கு இருந்தன. கோடீசுவரர் அல்லர், ஆயினும் எங்கள் சுற்றத்தில் அவரே செல்வர்.

அத்தகைய ஒரு தைப்பூச மாலையில் தொலைக்காட்சியில் ‘காசேதான் கடவுளடா’ ஓடிக்கொண்டிருந்தது. சித்ராலயா கோபு தம்முடைய மேடை நாடகத்தைத் தாமே இயக்கி, 1972-ஆம் ஆண்டில் ஏவி.எம். தயாரிப்பாகத் திரைக்குக் கொண்டுவந்த நகைச்சுவைப் படம் அது. வீட்டுப் பணத்தை இறுகப் பற்றியிருக்கும் சிற்றன்னையாக மனோரமா. அப்பணத்தைக் கவர வழிதேடும் வீட்டுப் பிள்ளையாக முத்துராமன். அதற்கென்றே வரவழைக்கப்படும் போலிச் சாமியாராகத் தேங்காய் சீனிவாசன். சொந்த வீட்டிலேயே திருடத் திட்டமிடும் அந்தக் கூத்தைக் கண்டு, கூடத்தில் இருந்தோர் அனைவரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் மேல்துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எனக்கு இந்த வீடு இல்லாமல் இருந்திருந்தால், இன்றைக்கு இத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருப்பீர்களா?” என்று கேட்டார்.

கேலியாகத்தான் கேட்டார். ஆயினும் கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. “என்ன மாமா, இப்படிக் கேட்டுவிட்டீர்கள்!” என்றாள் என் தங்கை. தேநீர் கொண்டுவரும் சாக்கில் ஒருவர் எழுந்து உள்ளே போனார். நான் விடை கூறவில்லை, கூற இயலவில்லை. அந்த வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

செல்வரான ஒரு முதியவரைச் சுற்றி, அவர்தம் சொத்தை நாடிப் பலர் போட்டியிடும் கதை புதியதன்று. ஆங்கில நாடக ஆசிரியர் பென் ஜான்சன் எழுதிய ‘வால்போனி’ 1606-ஆம் ஆண்டளவில் அரங்கேறியது. வெனிசு நகரத்துச் செல்வனான வால்போனிக்குப் பிள்ளைகள் இல்லை. அவன் சாகக் கிடப்பவன்போல் நடிக்கிறான். அவனுடைய வாரிசாகும் ஆசையால் பலர் பொன்னும் மணியும் கொண்டுவந்து குவிக்கின்றனர். அவர்களுள் ஒருவன், தன் மகனுக்குரிய சொத்தையே வால்போனியின் பெயருக்கு எழுதிவைக்கிறான். மற்றொருவன் தன் மனைவியையே அவனிடம் அனுப்பத் துணிகிறான். 1918-இல் நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறிய புச்சினியின் ‘ஜியானி ஸ்கிக்கி’ என்னும் இசை நாடகத்தில், இறந்தவரின் படுக்கையைச் சுற்றி உறவினர் அழுகின்றனர். சொத்து முழுவதும் துறவியர்க்கு எழுதப்பட்டிருப்பது தெரிந்ததும் அவர்கள் உண்மையாகவே அழத் தொடங்குகின்றனர். 1994-இல் வெளிவந்த ‘கிரீடி’ என்னும் அமெரிக்கப் படத்திலோ, கர்க் டக்ளஸ் செல்வக் கிழவராகவும், அவருடைய உடன்பிறந்தாரின் மக்கள் அவர் காலடியில் தவம் கிடப்பவராகவும் வருகின்றனர்.

காலமும் நாடும் வேறுபட்டாலும், நம்மைச் சிரிக்க வைப்பது ஒன்றே. வாய் ‘நீடு வாழ்க’ என்கிறது. உள்ளம் நாட்களை எண்ணுகிறது. இந்த முரண்பாட்டைக் காணும்போது நாம் சிரிக்கிறோம். திரையில் இருப்பவர் வேறு, நாம் வேறு என்ற நம்பிக்கையும் அச்சிரிப்புக்குத் துணை நிற்கிறது. மாமாவின் ஒரு வினா அந்த நம்பிக்கையைத்தான் கலைத்துவிட்டது.

இனி, சிக்கலுக்கு வருவோம். எதிர்பார்ப்புக் கலந்த அன்பு பொய்யன்பு ஆகுமா?

ஆகும் என்று உடனே கூறிவிடுதல் எளிது. ஆனால் நம் வாழ்க்கைமுறை அத்தகைய விடைக்கு இடம் தருவதில்லை. தமிழர் வீட்டில் தாய்மாமன் என்பவன் யார்? குழந்தைக்கு முடியெடுக்கும்போதும் காது குத்தும்போதும் மடி தருபவன். பூப்புக்கும் திருமணத்துக்கும் சீர் கொண்டுவருபவன். மருமக்கள் அவனிடம் எதிர்பார்ப்பதும், அவன் மனமுவந்து கொடுப்பதும் நம் வழக்கமே வகுத்துவைத்த உறவு. சீர்த்தட்டை ஆவலோடு நோக்கும் சிறுமியை எவரேனும் பேராசைக்காரி என்பாரா? அவள் மாமனிடம் அன்பு இல்லாதவள் என்பாரா? அன்பும் எதிர்பார்ப்பும் ஒரே நெஞ்சில் கூடி வாழ்கின்றன. ஆகவே எதிர்பார்ப்பு மட்டுமே குற்றம் என்று கொள்வதற்கில்லை.

அங்ஙனமாயின் குற்றம் எங்கே இருக்கிறது? சீருக்கும் சொத்துரிமைக்கும் உள்ள வேறுபாட்டில் அதனைக் காணலாம். சீர் என்பது கொடுப்பவன் உயிரோடிருந்து, தன் கையால் தருவது. தருபவனும் மகிழ்கிறான்; பெறுபவனும் மகிழ்கிறான். வாரிசுச் சொத்தோ, உரியவர் கண்மூடிய பிறகே கைக்கு வருவது. ஆதலால் அதற்காகக் காத்திருப்பவன், தான் விரும்பாவிட்டாலும், மற்றொருவரின் இறப்பில் ஆதாயம் உடையவன் ஆகிவிடுகிறான். அந்த முதியவர் அவனுக்கு உறவினராக இருப்பதோடு, இடையில் நிற்கும் தடையாகவும் தோன்றத் தொடங்குகிறார். ஒரு மனிதரைத் தடையாக எண்ணிய பின்னும் முகத்தில் அன்பைக் காட்டுவதே போலித்தனம். நகைச்சுவைப் படங்கள் தோலுரித்துக் காட்டுவது இந்த நோயைத்தான்.

இதனைப் பிறர்மேல் வைத்துப் பேசுதல் எனக்குத் தகாது. மாமாவைத் திங்கள்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவன் நான். காத்திருக்கும் இருக்கையில் மணிக்கணக்காக அவரோடு அமர்ந்திருக்கிறேன். ஒருமுறை உறவினர் ஒருவர், “இவ்வளவு செய்கிறீர்களே, வீடு உங்களுக்குத்தானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது எனக்குக் கடுஞ்சினம் மூண்டது. இல்லாத பழியைச் சுமத்திவிட்டார் என்று அன்று நினைத்தேன். பின்னர் ஆற அமர எண்ணிப் பார்த்தபோது, அந்த எண்ணம் எனக்கும் ஒருநாள் வந்திருந்ததே என் சினத்துக்குக் காரணம் என்பதை உணர்ந்தேன். மருத்துவர் ஏதோ ஒரு சோதனையின் முடிவைக் கவலையோடு விளக்கிய நாள் அது. நெஞ்சம் துயருற்றது உண்மை. அத்துயரத்தின் நடுவே, வீட்டின் விலை என்னவாக இருக்கும் என்று ஒரு கணம் கணக்குப் போட்டதும் உண்மை. இவ்விரண்டில் எது நான்?

இவ்வினாவுக்குக் காத்திருப்பவனாலேயே விடை கூற இயலவில்லை என்றால், சொத்துடையவர் எவ்வாறு கண்டறிவார்? இங்குதான் கதைகளில் வரும் முதியவர்கள் தவறு செய்கின்றனர். அவர்கள் அன்பைச் சோதிக்க முற்படுகின்றனர். ‘கிரீடி’ படத்துக் கிழவர் தம் செல்வமெல்லாம் போய்விட்டதுபோல் நடித்து, அப்போதும் தம்மை ஏற்றுக்கொள்பவர் எவர் என்று பார்க்கிறார். திரைக்கதையில் அச்சோதனை வெற்றி பெறுகிறது. வாழ்க்கையில் அது வெற்றி பெறாது. உயிலை மறைத்தும் மாற்றியும் உறவினரை ஆட்டிவைப்பவர், பேராசைக்காரனை மட்டுமா நடிகனாக்குகிறார்? உண்மையான அன்புடையவனையும் ஐயத்துக்குரியவன் ஆக்கிவிடுகிறார். அவன் அருகில் வந்தால் பணத்துக்காக வந்தான் என்பர். விலகி நின்றால் நன்றியில்லாதவன் என்பர். தூண்டிலில் புழுவைக் கோத்துவிட்டு, மீன் தன்மேல் அன்புகொண்டு வருகிறதா என்று பார்ப்பவனின் அறிவை என்னென்பது!

இந்த உண்மையைப் பென் ஜான்சன் நன்கு உணர்ந்திருந்தார். அவர் நாடகத்தின் இறுதியில், சொத்துக்கு அலைந்தவர்கள் தண்டிக்கப்படுகின்றனர். அவர்களை அலையவிட்ட வால்போனியும் தண்டிக்கப்படுகிறான். அவன் பொருள் நோயாளிகளின் மருத்துவ இல்லத்துக்குப் போகிறது. அவன் சிறைக்குப் போகிறான். காத்திருந்தவரைக் கண்டு மட்டும் சிரிக்கும் நாம், காக்க வைத்தவரையும் அந்த நீதிமன்றத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சட்டம் இவ்விடத்தில் என்ன செய்கிறது? தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் அவருடைய சொத்தைப் பங்கிடுகிறது. கணவன் அல்லது மனைவி, மக்கள், பெற்றோர் ஆகிய எவரும் இல்லாதவிடத்துப் பங்கு உடன்பிறந்தாருக்குச் செல்லும். உடன்பிறந்தார் முன்பே இறந்திருந்தால், அவர் பங்கு அவருடைய மக்களுக்குச் செல்லும். என் தாயார் மறைந்துவிட்டமையால், மாமாவின் சொத்தில் ஒரு பங்கு இவ்வாறு எங்களை நாடி வரக்கூடும். முன்பு, மக்களை உடையவர் இறந்தால் அவருடைய பெற்றோருக்குப் பங்கில்லை. 1997-ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறையைப் போக்கி, மனைவியும் மக்களும் பெற்றோரும் இருப்பின் பெற்றோருக்கு நான்கில் ஒரு பங்கு என்று வகுத்தது. சட்டமும் அறத்தை நோக்கி மெல்ல நகர்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆயினும் எந்தச் சட்டமும் ‘யார் உண்மையாக அன்பு செலுத்தினார்?’ என்று கேட்பதில்லை. பிறப்பையும் மணத்தையும் கணக்கிடுகிறதேயன்றி, மருத்துவமனை இருக்கையில் அமர்ந்திருந்த மணிகளை அது கணக்கிடுவதில்லை. அன்பை அளக்கும் கோல் தன்னிடம் இல்லை என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. அந்த அடக்கம் முதியவர்களுக்கும் வேண்டற்பாலது.

திருக்குறளில் ‘சுற்றந்தழால்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. செல்வம் பெற்றதன் பயனே சுற்றத்தார் நம்மைச் சூழ வாழ்தல்தான் என்னும் கருத்தை வள்ளுவர் அங்கே வைக்கிறார். முதலில் படிக்கும் மாணவனுக்கு இது வியப்பைத் தரலாம். திரைப்படத்துக் கிழவரையும் சுற்றம் சூழ்ந்துதானே இருக்கிறது? அவரும் பயன் பெற்றவர்தாமா? அதிகாரம் முழுவதையும் படித்தால் ஐயம் அகலும். கொடுத்தலையும் இன்சொல்லையும் உடையவனைச் சூழும் சுற்றத்தையே வள்ளுவர் போற்றுகிறார். வாழும்போதே கொடுப்பவனைச் சூழ்வது சுற்றம். இறந்தபின் கிடைக்கும் என்று எண்ணிச் சூழ்வது வெறுங்கூட்டம். பின்னதை உண்டாக்கும் செல்வத்தின் இழிவை, ‘நன்றியில் செல்வம்’ என்னும் மற்றோர் அதிகாரம் விரித்துரைக்கிறது.

நம் முன்னோர் பலர் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்து அங்கேயே மறைந்தவர்கள். குடியிருந்த வீடு தோட்ட நிருவாகத்துக்கு உரியது. வேலை போனால் வீடும் போய்விடும். பங்கிட ஒன்றும் இல்லாமையால் சண்டையிடவும் ஒன்றும் இல்லை. பல குடும்பங்களில் சொந்த வீடு என்னும் ஒன்றை முதன்முதலாக விட்டுச்செல்லும் தலைமுறை, என் மாமாவின் தலைமுறையே. ஆதலால் இந்தச் சோதனை நமக்குப் புதிது. செல்வத்தை ஈட்டக் கற்றுக்கொண்ட நாம், அதனை மனம் கோணாமல் கைமாற்றவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பத்துமலையே இதற்கு ஒரு பாடம் கூறுகிறது. 1891-ஆம் ஆண்டில் அக்குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கிவைத்த தம்புசாமிப் பிள்ளை பெருஞ்செல்வர். அதற்கு முன்னரே, 1873-ஆம் ஆண்டில், கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலை நிறுவியவரும் அவரே. அக்கோயில் தொடக்கத்தில் அவர்தம் குடும்பக் கோயிலாகவே இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, பின்னர் அறங்காவலர் பொறுப்புக்கு மாறியது. இன்று தைப்பூசத்தின்போது அங்கிருந்துதான் வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. குடும்பச் சொத்தாகவே இருந்திருந்தால் அது தலைமுறைதோறும் கூறுபட்டுக் குறைந்திருக்கும். பொதுவான பிறகோ, இலட்சக்கணக்கானோர் பங்குகொண்டும் அது குறையவில்லை.

மாமா என்ன செய்தார் என்பதைக் கூறி முடிக்கிறேன். அந்தத் தைப்பூசத்துக்குப் பின் சில திங்களில் எங்கள் அனைவரையும் வீட்டுக்கு அழைத்தார். வழக்கறிஞர் வழியே உயில் எழுதிவிட்டதாகவும், பங்குபெறாத இருவர் சாட்சிக் கையொப்பம் இட்டிருப்பதாகவும் கூறினார். வீடு, கைம்பெண்ணாகித் தம்மோடு வந்து தங்கியிருக்கும் தங்கைக்கு. சேமிப்பில் ஒரு பகுதியை மருமக்களின் பிள்ளைகள் படிப்புக்காக அன்றே பிரித்துக் கொடுத்தார். “இனிமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் வரலாம்” என்றார். கேலி அப்போதும் அவர் குரலில் இருந்தது.

அடுத்த தைப்பூசத்தன்று கூட்டம் சற்றுக் குறைந்திருந்தது. நானும் படியிறங்கியபின் ஒரு கணம் தயங்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் போனேன். மாமா கதவைத் திறந்து, “வா தம்பி” என்றார். அவரருகில் அமர்ந்தேன். அவர் உடல்நலத்தைக் கேட்டேன். கேட்கும்போது என் நெஞ்சில் வேறு கணக்கு எதுவும் ஓடவில்லை. அத்தனை ஆண்டுகளில் எனக்கு அது முதல்முறை.

அன்பு உண்டா, இல்லையா என்று சொத்தை வைத்துச் சோதிக்க வேண்டுவதில்லை. சொத்தை முறைப்படி வழியனுப்பிவிட்டால், எஞ்சி நிற்பது எதுவோ அதுவே அன்பு. முதியோர் இதனை வாழும்போதே செய்தல் வேண்டும். இளையோர், முதியோரைக் காணச் செல்லுமுன், தம் நெஞ்சைத் தாமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.