உனக்கு வராது

“எனக்குக் கணக்கு வராது” என்று ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் தங்கள் ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். அதே ஆள் ஏலச்சீட்டில் தள்ளுபடி போகக் கைக்கு எவ்வளவு வரும் என்பதைக் காகிதமில்லாமல் சொல்லிவிடுவார். நகைக்கடனுக்கு மூன்று மாத வட்டியை வாய்க்கணக்காகவே போடுவார். ஆனாலும் அவருக்குக் கணக்கு வராது. யார் சொன்னது என்று விசாரித்தால் பேச்சு எங்கெங்கோ சுற்றி, ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ போய் நிற்கும். கரும்பலகைக்கு முன்னால் சாக்பீசுடன் நின்றது, ஒரு கழித்தல் குறி விட்டுப்போனது, “போய் உட்காரு, உனக்கெல்லாம் இது வராது” என்ற குரல். நடந்தது இவ்வளவுதான். சொன்னவருக்கு அன்று மாலையே அது மறந்திருக்கும். மணியடிப்பதற்குள் பயிற்சியை முடித்தாக வேண்டிய அவசரத்தில் வாயில் வந்த வார்த்தை.

ஆசிரியர் சொல்லின் வலிமை என்றதும் நாம் ஆண்டு விழா உரைகளையும் பிரிவுபசார அறிவுரைகளையும் நினைத்துக்கொள்கிறோம். அவை பிள்ளைகள் மனத்தில் நெடுநாள் தங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. தங்குபவை வேறு. வருகைப் பதிவின்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா, எண்ணைச் சொல்லியா என்பது. “இவங்க அக்கா எப்படிப் படிச்சா தெரியுமா” என்ற ஒப்பீடு. கையைத் தூக்கியவளைப் பார்த்து, “நீயா? சரி, சொல்லு” என்ற அந்த வியப்பு. பிறகு நம் ஊர்ப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் ஒன்று: “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு.” இதைச் சொல்லும்போது, அப்பா மாடு மேய்த்த காசில் நோட்டு வாங்கி வந்த பிள்ளை ஒன்று அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். திட்டு விழுந்தது வேறொருவன்மேல். தலை குனிந்தது இந்தப் பிள்ளை. தன் வீட்டில் சோறு போடும் தொழில், படிக்காதவனுக்குக் கிடைக்கும் தண்டனை என்று அது அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடைசெய்திருக்கிறது. முதல் பாதி ஓரளவு நடைமுறைக்கு வந்துவிட்டது. அடித்தால் மறுநாள் பெற்றோர் பள்ளிக்கு வந்து கேட்கிறார்கள். சொன்னால் யாரும் வருவதில்லை, ஏனென்றால் பிள்ளை அதை வீட்டில் சொல்வதே இல்லை. சொல்லக் கூச்சம். அதைவிட, சொன்னால் அம்மாவும் அப்பாவும் அதை உண்மையென்று நம்பிவிடுவார்களோ என்ற பயம்.

சொல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் நடத்தி 2004இல் வெளியிட்டது. ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேர். பாதிப்பேர் உயர்த்தப்பட்ட சாதியினர், பாதிப்பேர் தாழ்த்தப்பட்டவர்கள். எல்லோருக்கும் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுக்கப்பட்டன. சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது இரு பிரிவுச் சிறுவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் புதிர்களை விடுவித்தார்கள். வேறு குழுக்களில், தொடங்குமுன் ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், சாதி எல்லாம் மற்றவர்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்டன. சரிதானா என்று கேட்டதற்குச் சிறுவன் தலையசைத்தால் போதும். தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை இறங்கிவிட்டது.

இந்த ஆய்வில் யாரும் யாரையும் திட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசித்தது உண்மை விவரம், அதுவும் சாதாரணக் குரலில். பையன்களின் மூளையும் பென்சிலும் புதிரும் மாறவில்லை. இந்த அறையில் நம்மை நியாயமாக மதிப்பிடுவார்களா என்ற எதிர்பார்ப்புத்தான் ஆட்டம் கண்டது. ஆய்வாளர்கள் வந்தடைந்த விளக்கமும் இதுதான்.

நம் பள்ளிகளில் படித்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. உதவித்தொகைப் படிவம் வந்ததும், பாடம் நடக்கும் நேரத்திலேயே வாசலில் நின்று, “எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திருங்க” என்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. உதவி சேர வேண்டியவர்களுக்குச் சேர வேண்டும் என்ற கடமை உணர்ச்சிதான். எழுந்து நிற்கும் அந்த அரை நிமிடத்தில் நாற்பது கண்கள் யார் யாரென்று குறித்துக்கொள்கின்றன. அன்று மதியச் சாப்பாட்டு வரிசையில் அதன் விளைவு தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றும், ஆசிரியர்கள் மாணவரை நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. அரிவாள் வரை போன ஒரு நோய்க்கு மருந்து தேடியவர்கள் பதிவேட்டையும் ஆசிரியரின் விளியையும் தொட்டதில் நான் ஆழ்ந்த நியாயத்தைக் காண்கிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படி அழைக்கலாம் என்பதற்கு வகுப்பில் முன்மாதிரி ஆசிரியர்தான். அவர் “மக்கு” என்று ஒரு முறை சொன்னால் வகுப்பு அதை வருடம் முழுக்கச் சொல்லும்.

புகழ்ச்சியிலும் இப்படி முத்திரை குத்துவது நடக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாணவிகளின் தேர்ச்சி விழுக்காடு மாணவர்களைவிட அதிகம் என்பது தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் வரும் செய்தி. ஆசிரியர் ஓய்வறையில் அதற்குக் கிடைக்கும் விளக்கம்: “பொண்ணுங்க மனப்பாடம் பண்ணிடுவாங்க.” தோற்ற பையனுக்கு: “மண்டையில இருக்கு, உட்கார்ந்து படிக்க மாட்டேங்கிறான்.” வென்றவளிடமிருந்து அறிவைப் பறித்துத் தோற்றவனிடம் கொடுத்துவிடுகிறோம். ஓய்வறைப் பேச்சு வகுப்புக்கு வராமல் இருப்பதில்லை. நூற்றுக்கு நூறு வாங்கிய பிறகும் தன்னைப் புத்திசாலி என்று எண்ணத் தயங்கும் பெண்கள் எத்தனை பேர்!

அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், கோயில் குருக்களின் மகனுக்குப் பக்கத்தில் தொப்பியணிந்த முஸ்லிம் பையன் உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பினார். 1999இல் வந்த தன்வரலாற்றில், ராக்கெட்டுகளுக்கும் ஏவுகணைகளுக்கும் நடுவில், கலாம் இதை மறக்காமல் எழுதியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தக் கடைசி வரிசை அவரை விடவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. நண்பனின் தந்தை லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, பிள்ளைகளின் மனத்தில் இந்த விஷத்தை விதைக்காதீர்கள் என்று கண்டித்தார். ஆசிரியரும் வருந்தி மாறினார். ஊரில் மதிப்புள்ள பெரியவர் ஒருவர் தன் பொருட்டு வாய் திறந்ததைப் பத்து வயதுப் பையன் தெரிந்துகொண்டான். அந்த வாய்ப்பு எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்பதில்லை. பெரும்பாலோர் விஷயத்தில் ஆசிரியர் சொன்னதே அங்கே கடைசி வார்த்தை.

தன்னம்பிக்கை என்பது பிள்ளைக்குள்ளே குறைவாகவோ நிறைவாகவோ கிடக்கும் ஒரு சரக்கு என்று நாம் பேசுகிறோம். “அவனுக்குத் தன்னம்பிக்கையே இல்லை” என்று அந்தக் குறையையும் அவன் கணக்கிலேயே எழுதுகிறோம். இதை யோசிக்க யோசிக்க எனக்கு வேறொன்று தெளிவாகிறது. பிள்ளை முதலில் நம்புவது தன்னை அல்ல, எதிரில் நிற்பவரை. நான் தப்பாகச் சொன்னாலும் இவர் நாளைக்கும் என்னைப் புதிதாகப் பார்ப்பார் என்ற நம்பிக்கை இருந்தால் வாய் திறக்கிறது. இன்றைய தப்பை இவர் என் பெயராக்கிவிடுவார் என்று தெரிந்தால் மூடிக்கொள்கிறது. பல ஆண்டுகள் வாய் திறந்து பழகியவர்களைத்தான் பின்னாளில் தன்னம்பிக்கை உள்ளவர்கள் என்கிறோம். அவர்களுக்குள் இருப்பது, எப்போதோ ஒருவர் அவர்கள்மேல் வைத்த நம்பிக்கைதான். தனக்கு அது இன்னாரிடமிருந்து வந்தது என்றுகூட அவர்களுக்கு நினைவிருக்காது.

அமெரிக்க வகுப்பறைகளைப் பதிவுசெய்து கேட்ட மேரி பட் ரோ 1970களில் ஒன்றைச் சொன்னார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான். அதிலும் கெட்டிக்காரர் என்று நினைக்கும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம், மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. மூன்று நொடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். ஆக, “உனக்கு வராது” என்பதை ஒரு வார்த்தையும் பேசாமலே சொல்லிவிடலாம். அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டால் போதும்.

ஆசிரியரை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. தேர்ச்சி விழுக்காடு சரிந்த பள்ளியின் தலைமையாசிரியரை ஆய்வுக் கூட்டத்தில் மற்றவர்கள் முன்னிலையில் எழுப்பி நிற்கவைத்து அதிகாரி கேட்கும் கேள்வி, மறுநாள் காலை ஆசிரியர்கள் கூட்டத்துக்கு வருகிறது. முதல் பாடவேளைக்குள் அது பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சை எட்டிவிடும். அங்கிருந்து அதற்குக் கீழே போக இடமில்லை, அந்தப் பையனோடு தங்கிவிடுகிறது. ஆகவே மாற்றம் மேலிருந்தும் தொடங்க வேண்டும், பயிற்சியிலிருந்தும் தொடங்க வேண்டும். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் இளைஞர்களின் பாடக் குறிப்பையும் துணைக்கருவிகளையும் கரும்பலகைக் கையெழுத்தையும் பார்த்து மதிப்பெண் போடுகிறோம். பார்வையிட வருபவர், வகுப்பில் முதல் தவறான விடை வந்தபோது அந்த இளம் ஆசிரியர் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, வகுப்பு முடிந்ததும் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். பாடத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.