கைத்துப்பாக்கியும் கையெழுத்தும்

2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஏலத்தில் ஒரு கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலருக்குச் சற்று மேல் விலைபோயிற்று. நியூ மெக்ஸிகோவின் லிங்கன் கவுண்டியில் தேர்தலில் நின்று ஷெரீஃப் ஆன பாட் காரெட், 1881 ஜூலையில் பில்லி தி கிட் என்ற இளைஞனைச் சுட்டுக் கொன்ற துப்பாக்கி அது. காரெட் காசு கொடுத்து வாங்கியதுகூட அல்ல. பிடிபட்ட வேறொருவனிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதே காலத்து, அதே கம்பெனித் துப்பாக்கி, செத்தவன் பெயர் ஒட்டியிராவிட்டால், இந்த விலைக்குப் பக்கத்திலேயே வராது. ஆக, விலை இரும்புக்கு அல்ல. எதற்கு என்பதுதான் எனக்குப் பிரச்னை.

சேகரிக்கிறவர்கள் 'சரித்திரம்' என்கிறார்கள். இந்த வார்த்தை எனக்குத் திருப்தி தரவில்லை. இங்கிலாந்தில் 1846 வரை ஒரு சட்டம் இருந்தது: ஒரு மனிதனின் சாவுக்குக் காரணமான பொருள், அது வண்டியானாலும் குதிரையானாலும் கத்தியானாலும், அல்லது அதன் கிரயம், அரசுக்குச் சேரவேண்டும். நம் காலத்துக்கு அது காட்டுமிராண்டித்தனமாகப் படும். ஆனால் சாவு பொருளின்மேல் கறையாகப் படிகிறது என்றாவது அவர்கள் நினைத்தார்கள். ஏலக் கூடத்தில் அதே கறை மெருகாகிவிடுகிறது. பொருளில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொதுதான்.

உண்மையில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது? ஆண்ட்ரூ ஜாக்ஸனை எடுத்துக்கொள்கிறேன். காங்கிரஸ் அங்கத்தினராகவும் செனட்டராகவும் இருந்து முடித்து, டென்னஸி படையின் மேஜர் ஜெனரலாக இருந்த சமயம். குதிரைப் பந்தயத் தகராறு, மனைவியைப் பற்றிய ஏச்சு என்று வளர்ந்து, 1806 மே 30ஆம் தேதி கென்டக்கி எல்லைக்குள் போய் சார்ல்ஸ் டிக்கின்ஸன் என்பவரோடு ஒண்டிக்கு ஒண்டி நின்றார். இடைவெளி 24 அடி. டிக்கின்ஸன் குறி தவறாதவன் என்று பெயரெடுத்தவன். ஜாக்ஸன் அவனை முதலில் சுடவிட்டார். குண்டு நெஞ்சில் இறங்கியது, அவர் அசையவில்லை. பிறகு தன் விசையை அழுத்தினார். குதிரை பாதியில் நின்றுவிட்டது. அதை மறுபடி பின்னுக்கு இழுத்து, நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டார். டிக்கின்ஸன் அன்றிரவே செத்தான்.

குதிரை பாதியில் நின்ற அந்தக் கணத்தில்தான் இந்தச் சம்பவத்தின் முழு நியாய அநியாயமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை நடந்ததற்கு வழக்கத்தை, மானத்தை, எதிராளியைக் காரணம் சொல்லலாம். இயந்திரம் ஒரு முறை மறுத்த பிறகு இழுத்தது அவர் விரல் மட்டுமே. இப்படியொரு துப்பாக்கியை வாங்குகிறவர் தன் கட்டைவிரலை அதே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். வழவழப்பு கிடைக்கும், அந்தத் தீர்மானம் கிடைக்காது. டிக்கின்ஸனின் குண்டோ ஜாக்ஸனின் நெஞ்சிலேயே 39 வருஷம் தங்கி, 1845இல் அவரோடு நாஷ்வில் பக்கத்து மண்ணுக்குள் போயிற்று.

ஆயுதம் நினைவுப்பொருள் ஆவது பின்னால் வந்த பணக்காரர்களின் வேலை மட்டுமல்ல. லாஃபாயெட் வாஷிங்டனுக்குக் கொடுத்த ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கிகள் 1824இல் ஜாக்ஸனிடம் வந்தன. அவர் உயிலில் அவற்றை லாஃபாயெட் குடும்பத்துக்கே திருப்பி எழுதினார். 2002இல் அவை 20 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாக விற்றன. (மாலை சூட்டிப் பளபளவென்று வைத்த ஆயுதங்களைத் தொண்டைமானிடம் ஔவை 'புகழ்ந்த' விதம் நமக்குத் தெரியும். கிழவியின் கிண்டலுக்கு இந்த ஏலக்காரர்களிடம் இடமில்லை. இவர்களுக்கு ஆயுதம் பளபளக்கவும் வேண்டும், கொன்றிருக்கவும் வேண்டும்.)

சொந்த ஆயுதம் வன்முறையை ஒரு கையளவுக்குச் சுருக்கிவிடுகிறது. ஒருவன் எதிரே ஒருவன், முகத்துக்கு முகம், இருவருக்கும் பெயர் உண்டு. அரசியல்வாதியை இப்படிப் பார்ப்பது மிகவும் சௌகரியமானது. ஜனாதிபதி ஜாக்ஸன் 1830 மே 28ஆம் தேதி, மிஸிஸிப்பிக்குக் கிழக்கே இருந்த பூர்வகுடிகளை மேற்கே அப்புறப்படுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவர் பதவி விட்ட பின், 1838-39இல் செரோக்கி ஜனங்கள் வெளியேற்றப்பட்டபோது செத்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இங்கே எந்தக் குதிரையும் பாதியில் நிற்கவில்லை. அவர்களைச் சுற்றி நின்ற சிப்பாய்களின் துப்பாக்கி அரசாங்கச் சரக்கு. அதில் ஜாக்ஸன் பெயர் இல்லை.

'அதற்காக எல்லாவற்றையும் உருக்கிவிடச் சொல்கிறாயா?' என்று கேட்கலாம். இல்லை. உருக்குவதும் பொருளின்மேல் பழிபோடுவதுதான். கண்ணாடிப் பெட்டியில் கைத்துப்பாக்கி இருக்கட்டும். அதே பெட்டியில், அதே வெளிச்சத்தில், 1830ஆம் வருஷச் சட்டத்தின் நகல் ஒன்றையும் வைக்கச் சொல்வேன். அதனால் துப்பாக்கியின் விலை இறங்கும் என்ற பிரமை எனக்கில்லை. ஏறினாலும் ஏறும்.