அதுவே இது என்னும் துணிவு

பழம்பொருள் சேகரிப்போரின் வாயில் நாள்தோறும் பயிலும் கூற்று ஒன்று உண்டு. 'அதுவே இது' என்பதே அக்கூற்று. ஏலத்துக்கு வந்த பில்லியர்ட்ஸ் கோலொன்றைக் கையிலெடுத்து, மேசைமீது இருமுறை உருட்டிப் பார்த்து, 'இது நூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் பிரான்சு தேசத்திலே கடைந்தெடுத்த கோல்' என்று ஒருவர் உரைக்கும்போது, மரத்தின் வயதோடு வேறொன்றையும் அவர் ஒப்புக்கொண்டுவிடுகின்றார். இடையே கழிந்த காலம் முழுவதும் அப்பொருள் தானாகவே நின்றது என்பதே அந்த ஒப்புதல். அதற்கு ஆதாரம் யாது என்று வினவத் தொடங்கினால், விளையாட்டுப் பொருளைப் பற்றிய விசாரம் தத்துவ விசாரமாக விரிந்துவிடும்.

அறிவு பிறக்கும் வாயில்கள் பலவற்றை எண்ணிய சைவ சித்தாந்த நூலார் அவற்றைக் காட்சி, கருதல், உரை என மூன்றினுள் அடக்குவர். கோலை ஆராய்பவனும் இம்மூன்றையுமே கைக்கொள்கின்றான். பிரான்சு தேசத்து ஆட்டம் குழிகள் இல்லாத மேசையில் மூன்று பந்துகளைக் கொண்டு ஆடப்படுவது. பந்து பெரிது, கனமும் மிகுதி. ஆதலின் அந்நாட்டுக் கோல் ஆங்கிலக் கோலினும் சற்றுக் குட்டையாய், நுனி சற்றே தடித்து விளங்கும். ஆங்கிலக் கோலின் அடியில் ஒருபுறத்தைத் தட்டையாக இழைத்து, அவ்விடத்தே செய்தோர் பெயர் பொறித்த தகட்டைப் பதிப்பது வழக்கம். பிரெஞ்சுக் கோலோ, கருங்காலியும் வேறு நிற மரங்களும் ஆப்பு வடிவில் ஒன்றனுள் ஒன்று புகுந்து பொருந்த, இடையிடையே வர்ண மரத்தகடுகள் கோடிட, சிலவற்றில் முத்துச்சிப்பி இழைத்த வேலைப்பாடும் மிளிர நிற்கும். இலங்கைக் கருங்காலியின் கலப்பற்ற கருமையை ஐரோப்பியத் தச்சர்கள் நெடுங்காலமாக விரும்பி வாங்கினர்.

காட்சி நின்றுவிடும் இடத்தில் அனுமானம் தொடங்குகின்றது. நுனித்தோலுக்குக் கீழே அமைந்த வெண்ணிறப் பூணை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கினால், யானைத்தந்தமாயின் அதன் வெட்டுமுகத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வலைபோலத் தோன்றும். எலும்பாயின் இரத்தம் ஓடிய நுண்வழிகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். இவ்விரண்டுமின்றி வெறும் வழவழப்பே காணப்படின், துணியாற் சூடேறத் தேய்த்து முகர்ந்து பார்த்தல் வேண்டும். கற்பூரம் மணந்தால் அது செல்லுலாயிட். அதன் கூட்டுப்பொருள்களுள் கற்பூரமும் ஒன்று. தந்தப் பந்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கரான ஹயட் 1870ஆம் ஆண்டையொட்டியே அதை ஆக்கினாராதலின், அப்பூண் அதற்கு முந்தியதாக இருத்தல் இயலாது. புகையைக் கண்டு நெருப்பைத் துணிவதுபோல நாமும் மணத்தைக் கொண்டு காலத்தைத் துணிந்துவிட்டோம். ஆயினும் துணிந்தது பூணின் காலத்தையேயன்றிக் கோலின் காலத்தையன்று. பழைய கோலுக்குப் பிற்காலத்தில் எவரோ புதுப் பூண் மாட்டியிருக்கலாம்.

சிக்கல் இங்கேதான் முளைக்கின்றது. கோலின் நுனியில் தோல் பதிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறைப்பட்டிருந்த மிங்கோ என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவரால் தோன்றியதென்பர். அத்தோல் அடிக்கும்தோறும் தேயும் இயல்பினது. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று இலங்கைக்குப் புகழ் சேர்த்த எம். ஜே. எம். லாபீர் போன்றவர் தம் வாழ்நாளில் எத்தனை நுனித்தோல்களைத் தேய்த்திருப்பார்! தோல் மாறியதற்காக 'என் கோல் போயிற்று' என்று எந்த ஆட்டக்காரரும் புலம்புவதில்லை. தோலை மாற்றலாமெனின் பூணையும் மாற்றலாம். பூணை மாற்றலாமெனின் வெடித்த அடிமரத்தையும் மாற்றலாம். வளைந்த தண்டையும் மாற்றிவிட்டபின் எஞ்சுவது யாது?

பேராதனையில் வாழ்வோர் இவ்வினாவை மகாவலி கங்கையின் கரையிலேயே எழுப்பிக்கொள்ளலாம். பிரேசர் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி 1833இல் அங்கே அமைத்த பாலம், தனி வளைவாக 205 அடி தாண்டி நின்றது. அது முழுவதும் முதிரை மரத்தாலானது, ஆணி அடியாமலே பொருத்தப்பட்டது. 1905இல் அதனைக் கழற்றி வேறு பாலம் கட்டினர். அதில் ஒரு பலகையை மாற்றியிருந்தால் பழைய பாலமே என்போம். முழுவதையும் ஒருசேர அகற்றியபோது வேறு பாலம் என்கின்றோம். பலகை பலகையாக எழுபது ஆண்டுகளில் மாற்றியிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? எத்தனையாவது பலகையோடு பழமை நீங்கிற்று என்று வரையறுக்க எந்தத் தச்சனாலும் இயலாது.

விகாரையையும் குறிஞ்சிக் குமரன் கோவிலையும் ஒரே வளாகத்துட் கொண்ட பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இவ்வினாவுக்கு இரண்டு மறுமொழிகள் கிடைப்பது வியப்பன்று. பாளி நூலாகிய மிலிந்த பஞ்ஹத்தில் நாகசேன தேரர் யவன அரசனைப் பார்த்து, நீர் ஏறிவந்த தேர் அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வோர் அவயவமாக வினவி, எதுவும் தேரன்று என்பதை அவன் வாயாலேயே வருவித்து, அவயவங்களின் கூட்டத்தைக் குறித்து வழங்கும் பெயரே தேர் என்று நிறுவுகின்றார். நாகசேனர் என்பதும் அத்தகைய பெயரே என்பதுதான் அவர் கருத்து. கோலைப் பொறுத்தவரை இம்மறுமொழியை நாம் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளலாம். அநித்தியமான அவயவங்களுக்குள்ளே மாறாத கோல்தன்மை ஒன்று மறைந்து கிடப்பதாகக் கொள்வதற்கு எந்தப் பிரமாணமும் இல்லை.

ஆனால் பெயரென்பது ஒருவர் இட்டு ஒருவர் வழங்குவது. தோல் தேய்ந்ததையும் பூண் மாறியதையும் ஒரே தொடர்ச்சியாகக் கோத்து, 'அன்று கண்ட கோலே இன்று காணும் கோல்' என்று சொல்பவன் ஒருவன் வேண்டும். அவனும் கணந்தோறும் மாறும் கூட்டமேயாயின், அன்று கண்டவன் வேறு, இன்று காண்பவன் வேறு. இருவர் கண்டதை ஒப்பிட்டுத் துணிவோர் எவருமில்லை. முன்கணத்து அறிவு தன் வாசனையைப் பின்கணத்துக்கு அளித்துச் செல்லும் என்று பௌத்தர் விடையிறுப்பர். வாசனை கண்ட பொருளின் சாயலைக் கொடுக்கலாம். 'கண்டவன் நானே' என்னும் துணிவை அது கொடுக்குமா? மெய்கண்டார் சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடலும் பொறிகளும் பிராணனும் எனத் தனித்தனி ஆராய்ந்து, அவற்றை 'என்னுடையவை' என்று அறிகின்ற உயிர் அவற்றின் வேறென்று நிலைநாட்டியது இத்தகைய நெறியிலேயே. கோல் தன்னை அறியாது. ஆதலால் அதன் ஒருமை நம்மிடம் பெற்ற கடன். நம் ஒருமையோ எவரிடமும் பெற்ற கடனன்று. தேரைப் பற்றி நாகசேனர் கூறியது மெய். தேரிலிருந்து தேரேறியவனுக்குத் தாவியதே ஆராய்தற்குரியது.

இவ்வாறு கொள்வதனால் மூன்றாம் பிரமாணமாகிய உரைக்குச் சேகரிப்பில் தனியிடம் வாய்க்கின்றது. பேராதனையில் மெய்யியல் கற்பித்த கே. என். ஜயதிலக 1963இல் வெளியிட்ட தம் ஆய்வில், ஆதி பௌத்தம் பிறர் வாக்கைச் சோதியாமல் ஏற்க மறுத்ததை விரிவாக எடுத்துக்காட்டினார். அந்த எச்சரிக்கை பழம்பொருட் கடைக்கு மிகவும் பொருந்தும். எனினும் சோதித்த பின்னரும், கோல் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எவர் எதனை மாற்றினார் என்பவற்றைப் பெரும்பாலும் பிறர் வாய்மொழியாலேயே அறிகின்றோம். பொருளின் ஒருமை அதைக் காத்தோரின் அறிவிலே தங்குமாயின், அவர்களுடைய வாய்மையே அதற்கு உயிர்நாடியாகும்.

புதுப் பூண் மாட்டி, மாட்டியதை ஒரு சீட்டில் எழுதிக் கோலோடு வைப்பவன், ஒரு பகுதியை மாற்றினாலும் கோலைக் காக்கின்றான். பூணைத் தேநீரிலே ஊறவைத்துப் பழமை நிறமேற்றி, மாற்றத்தை மறைத்து விற்பவனோ, எஞ்சிய மரமனைத்தும் பழையதாகவே இருந்தபோதிலும் அதனை அழிக்கின்றான். முன்னவன் வரலாற்றில் ஒரு வரி சேர்த்தான். பின்னவன் வரலாற்றை அறுத்தான். மரமும் தந்தமும் என்றேனும் உளுத்தோ வெடித்தோ போகக் கடவன. அவை அழிவதில் எவர்க்கும் பழியில்லை. 'அதுவே இது' என்று அறிந்தறிந்து பொய் கூறுவோன் பிறர் அறிவுக்கு இழைக்கும் தீங்கோ, அறிகின்ற அவ்வுயிரைச் சென்று சாரும் வினையாகும்.