மிச்சம் யாருக்குச் சொந்தம்?

தருமச்சாலைக்கென்று ஆக்கிய சோற்றில் ஒரு பிடியேனும் பசித்த வயிற்றுக்குப் போகாமல் தொட்டிக்குப் போகலாமா? அதைப் புளிக்கவிட்டு நெருப்பாக்குவது அன்னத்துக்குச் செய்யும் அவமரியாதை ஆகாதா? எங்கள் சங்கத்தில் பயோகாஸ் தொட்டி வைப்பது பற்றிப் பேசக் கூடியபோது மூத்த ஐயா ஒருவர் இப்படிக் கேட்டார். செலவு, இடம், நாற்றம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தோம். தருமத்தைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். தொட்டி வந்துவிட்டது, அதன் தீயில் கஞ்சி கொதிக்கிறது, அதன் கழிவுநீரில் கீரையும் விளைகிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு வேலை நடப்பதே பதிலாகிவிடாது. அடுப்படியில் நிற்கிறவள் என்ற முறையில் எனக்குப் பிடிபட்ட பதிலை எழுதுகிறேன்.

நாங்கள் தாம்பரம் பக்கம் ஒரு தெருவில் காலையில் கஞ்சியும் மதியம் சோறும் போடுகிற சிறிய சன்மார்க்க சங்கம். எங்களுக்கு வழி வடலூர். 1867ஆம் ஆண்டு வைகாசியில், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சாதி, சமயம், ஊர் எதையும் கேட்காமல் பசி ஒன்றையே தகுதியாக எடுத்துக்கொண்ட அடுப்பு அது. எங்கள் சமையற்கட்டிலும் அதுதான் சட்டம். வந்தவரிடம் பெயர்கூடக் கேட்பதில்லை. எல்லாரும் ஐயா, எல்லாரும் அம்மா.

ஆகவே ஐயாவின் கேள்விக்கு என் முதல் பதில் எளிது: சாப்பிடத் தகுந்த சோறு தொட்டிக்குப் போகக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இதுவே சரி. ஒரு கிலோ சோறு மூன்று பேரின் ஒருவேளைப் பசியை ஆற்றும். அதையே தொட்டியில் போட்டால் ஓர் அடுப்பு அரை மணி நேரம் போல எரியும், அவ்வளவுதான். வயலில் உழைத்தவர், நெல் குத்தியவர், வடித்தவர் ஆகியோரின் உழைப்பை அரை மணி நேரத் தீயாக மாற்றுவது எந்தக் கணக்கிலும் நஷ்டம். அதனால் பந்தி முடிந்ததும் கை படாத சோறும் குழம்பும் சூடு ஆறுவதற்குள் பொட்டலமாகி ரயில் நிலையத்து ஓரம் இருப்பவர்களுக்குப் போய்விடும். அடுத்தது தெருவின் மாடும் நாயும். அதற்கும் பிறகுதான் தொட்டி.

அப்படியானால் தொட்டிக்கு என்ன மிஞ்சும்? சமையற்கட்டில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. பூசணித் தோல், வெண்டைக் காம்பு, கீரைத் தண்டின் அடி, அடிப்பிடித்த பருப்பு, தட்டில் ஒதுக்கிய கறிவேப்பிலையும் புளிச்சக்கையும், சட்டென்று புளித்துப்போன மாவு, கழனித்தண்ணி. எவ்வளவு சிக்கனமான வீட்டிலும் இவை உண்டு. யாரும் சாப்பிட முடியாதவை இவை. இவற்றுக்கு உரியவர் யார் என்பதுதான் ஐயாவின் கேள்விக்குள் இருக்கும் மெய்யான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

இதற்கு வள்ளலாரிடமே ஒரு நூல்முனை கிடைக்கிறது. சீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் தமக்குத்தாமே ஒரு தடையை எழுப்பிக்கொள்கிறார்: பயிர்களும் உயிர்கள்தானே, அவற்றை உண்பது கருணைக்கு விரோதமாகாதா? காய், கனி, விதை, இலை ஆகியவை நமக்கு நகமும் மயிரும் போல, எடுப்பதால் அந்த உயிருக்கு ஊறு நேர்வதில்லை என்று விடை சொல்கிறார். பயிர் நமக்குத் தருவது தன் உயிரை அன்று, தன் விளைவை. நான் இதிலிருந்து ஓர் அடி மேலே போகிறேன். விளைவை எடுத்துக்கொள்ள நமக்கு அனுமதி உண்டென்றால், அந்த விளைவு எதிலிருந்து உண்டாயிற்றோ அதைத் திருப்பித் தரும் கடமையும் கூடவே வருகிறது. பயிரை மீண்டும் விளைய முடியாதபடி ஆக்கிவிட்டு, நகத்தைத்தானே வெட்டினேன் என்று சொல்ல முடியாது. மண்ணை வெறுமையாக்குவது பயிரின் உயிரையே எடுப்பதுதான், கொஞ்சம் மெதுவாக.

தொட்டிக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டபோது இந்த எண்ணம் எனக்கு உறுதியாயிற்று. காற்றுப் புகாத அந்த இருட்டில் முதலில் சில நுண்ணுயிர்கள் மாவையும் கொழுப்பையும் உடைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலத்திலிருந்து பிறப்பதை வேறு சில நுண்ணுயிர்கள் உண்டு மீத்தேனை வெளிவிடுகின்றன. இவை பிராணவாயு பட்டால் செத்துப்போகும் மிகப் பழைய குலத்தைச் சேர்ந்தவை. பசுவின் வயிற்றிலும் இவை இருக்கின்றன. அதனால்தான் தொட்டியைத் தொடங்கும்போது சாணக் கரைசல் ஊற்றுகிறோம். தொட்டியும் ஒரு வயிறுதான். பேராசைப்பட்டு ஒரே நாளில் நிறையப் போட்டால் அமிலம் ஏறிச் செரிமானம் நின்றுவிடும், சுடர் வராது. எலுமிச்சைத் தோலை அள்ளிப்போட்டால் முகம் சுளிக்கும். அளவாகவும் ஒழுங்காகவும் போட்டால் பத்துக் கிலோ கழிவுக்கு ஏறக்குறைய ஒரு கனமீட்டர் வாயு தரும். அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் வாயுவுக்குச் சமம். நாள்தோறும் அப்படிப் போட்டுவந்தால் மாதத்துக்கு ஒரு சிலிண்டர் மிச்சமாகும். எங்கள் மதியச் சமையலுக்கு அது போதாது, காலைக் கஞ்சிக்குப் போதும்.

ஆனால் என்னை வணங்கவைத்தது வாயுவின் அளவு அன்று, அங்கே நடக்கும் பங்கீடு. மேலே வருகிற வாயு பெரும்பாலும் மீத்தேனும் கரியமில வாயுவும். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற மூன்றால் ஆனவை இவை. பயிர் இந்த மூன்றையும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வெயிலின் துணையால் எடுத்தது. பயிர் வேர்வழி மண்ணிலிருந்து எடுத்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் ஏறத்தாழ முழுவதும் கீழே ஸ்லரியில், அதாவது தொட்டியிலிருந்து வெளிவரும் கழிவுக் கரைசலில், தங்கிவிடுகின்றன. காற்று கொடுத்தது தீயாகிக் காற்றுக்கே போகிறது. மண் கொடுத்தது மண்ணுக்குப் போகக் காத்திருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே கணக்கு நேராகிறது. சோற்றைத் தீயில் இட்டுப் பொசுக்கினாலும் வெப்பம் வரும், ஆனால் தழைச்சத்து புகையோடு போய்விடும். குப்பைமேட்டில் கொட்டினாலோ அதே மீத்தேன் பிடிப்பாரின்றி வானத்துக்கு ஏறும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்குவது.

வடலூருக்குப் பக்கத்தில்தான் நெய்வேலி. தருமச்சாலை அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் அந்தச் சுரங்கங்கள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1956இல் தொடங்கிய நிறுவனம் அங்கே தோண்டுவது பழுப்பு நிலக்கரியை. அதுவும் செடிகொடிதான், கோடி ஆண்டுகளுக்கும் முன் புதைந்தது. அந்த மின்சாரத்தில்தான் நானும் விளக்கு ஏற்றுகிறேன், அதைப் பழிக்க எனக்கு வாயில்லை. வேறுபாட்டை மட்டும் சொல்கிறேன். நெய்வேலித் தீ யாருக்கும் எதையும் திருப்பித் தராத தீ. எடுக்க எடுக்கக் குழி ஆழமாகும். நேற்றைய பூசணித் தோலில் எரியும் தீ எடுத்ததைத் திருப்பித் தந்துகொண்டே எரிவது. ஒரு சமையற்கட்டின் அளவில்தான் என்றாலும், அணையா அடுப்பு என்ற சொல்லுக்கு இந்தக் காலத்தில் தகுதியான எரிபொருள் இதுதான் என்று நம்புகிறேன்.

இங்கே நேர்மையாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. எங்கள் அரிசி காவிரிப் படுகையிலிருந்து வருகிறது. அந்த மண்ணின் மணிச்சத்து லாரி ஏறிச் சென்னைக்கு வந்து, நகரத்தின் குப்பையோடு பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்தது. பெருங்குடி மேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியிலேயே எழுந்தது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற நீர்நிலை அது. வயல் இழந்ததை ஈடுகட்ட உழவர் கடையில் உரம் வாங்குகிறார், அதற்கான பாறை கடல் கடந்து வருகிறது. நாங்கள் ஸ்லரியைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகவில்லை. சங்கத்தை ஒட்டிய காலி மனையில், உரிமையாளரின் சம்மதத்தோடு, தெருவார் சேர்ந்து போட்ட தோட்டத்துக்குத்தான் ஊற்றுகிறோம். கடன் வாங்கியது ஒருவரிடம், கொடுப்பது இன்னொருவரிடம் என்றால் கடன் தீருமா?

முழுதாகத் தீராது. ஆனால் தண்ணீர் கலந்து ஊற்றிய ஸ்லரியில் தண்டுக்கீரையும் கத்தரியும் வாழையும் விளைகிற அளவுக்கு எங்கோ ஒரு வயல் எங்களுக்காகச் சத்தை இழக்காமல் இருக்கிறது. வள்ளலார் போற்றிய கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் முசுமுசுக்கையும் இன்று எங்கள் வேலியோரத்திலேயே படர்கின்றன. நகரத்தில் வாழ்கிறவர்களுக்குத் தோட்டம் பொழுதுபோக்கு என்ற எண்ணம் மாற வேண்டும். திருப்பிக் கொடுக்க ஒரு சாண் மண்ணாவது கைவசம் இல்லாதவர், கொடுக்க மனமிருந்தும் கடனாளியாகவே இருப்பார். ஆகவே பூங்கா ஓரம், பள்ளி வளாகம், கோயில் நந்தவனம் ஆகியவற்றில் தெருவார் பயிரிட இடம் கேட்பதை ஒரு சமயக் கடமையாகவே நான் சொல்வேன்.

இன்னொன்று. மிச்சத்தைத் தொடுவது யார்? நம் ஊரில் அன்னத்தைத் தெய்வம் என்றவர்களே, உண்டு எழுந்த மறுகணம் அதைத் தீட்டு என்று ஒதுக்கி, எடுக்கும் வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டினார்கள். பசி எல்லாருக்கும் பொது என்றால் மிச்சமும் எல்லாருக்கும் பொது. எங்கள் சங்கத்தில் உண்டவர் தம் தட்டைத் தாமே துடைத்து வாளியில் போடுகிறார். கரைத்து ஊற்றும் முறை தெருவில் வீட்டுக்கு வீடு சுற்றுகிறது. தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் மனிதர் இறங்கக் கூடாது என்பதை நாங்கள் விரதமாகவே வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் வாயு நொடியில் உயிரைக் குடிக்கும். இந்த நாட்டில் அப்படிக் குடிக்கப்பட்ட உயிர்கள் பெரும்பாலும் யாருடையவை என்பது எல்லாருக்கும் தெரியும். ஓர் உயிரைப் பலி கேட்கிற தூய்மை எந்தத் தெய்வத்துக்கும் உகந்ததன்று.

கல்யாண மண்டபம் நடத்தும் ஒருவர் எங்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு, இனிச் சோறு மிஞ்சினால் கவலையில்லை என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், ஆனாலும் எனக்கு மனம் பதறியது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கைப்படி 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. அவ்வளவையும் தொட்டியில் போட்டு வாயு எடுத்தாலும் பசித்தவரின் பங்கை நாம் பறித்தது பறித்ததுதான். தொட்டி பாவமன்னிப்புச் சீட்டு ஆகிவிடக் கூடாது.

ஆகவே நான் கண்ட பதில் இது. பசித்தவருக்குக் கொடுப்பது தருமம். மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது கடன். தருமம் செய்கிறோம் என்பதற்காகக் கடனைக் கட்டாமல் விட முடியாது. கடனைக் கட்டினோம் என்பதற்காகத் தருமத்தைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. அன்னதானம் நடக்கும் ஒவ்வொரு கோயிலும் மடமும் தர்காவும் குருத்வாராவும் தேவாலயமும் இரண்டு கணக்குகளைச் சுவரில் எழுதிவைக்கட்டும்: இன்று எத்தனை பேர் உண்டார்கள், இன்று எத்தனை கிலோ தொட்டிக்குப் போயிற்று. முதல் எண் ஏற வேண்டும். இரண்டாம் எண் தோலும் காம்பும் மட்டுமே என்கிற அளவுக்கு இறங்க வேண்டும், ஆனால் அந்தத் தோலும் காம்பும் ஒன்றுவிடாமல் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டும் ஒருங்கே நடக்கிற இடத்தில் அன்னத்துக்கு அவமரியாதை நேர வழியில்லை.