மன்னிக்கப் பொய்ரோ யார்?

பனியில் சிக்கி நிற்கும் ரயிலில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். உடம்பில் 12 கத்திக்குத்துகள். குத்தியது யார் என்பதை அகதா கிறிஸ்டி 1934-லேயே சொல்லிவிட்டார். துப்பறியும் கதைப் பிரியர்களில் அது தெரியாதவர்கள் குறைவு. ஆகவே ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலை மறுபடி படமாக்குகிறவர்களுக்குப் புதிர் கைகொடுக்காது. கொன்றவர்களைக் கண்டுபிடித்த பிறகு துப்பறிவாளர் எர்க்யூல் பொய்ரோ செய்த காரியம் சரிதானா என்ற கேள்விதான் மிச்சம்.

செத்தவன் ராட்செட் என்ற பெயரில் திரிந்த கசெட்டி. டெய்சி ஆம்ஸ்ட்ராங் என்ற குழந்தையைக் கடத்திக் கொன்று, கேட்ட பணத்தையும் வாங்கிக்கொண்டவன். 1932-ல் விமானி சார்லஸ் லிண்ட்பர்கின் குழந்தைக்கு நேர்ந்த கதிதான் இதற்கு மூலம். பணபலத்தால் கோர்ட்டில் தப்பிய கசெட்டியை, அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய 12 பேர் ஜூரிக் கணக்கில் கூடி, ஆளுக்கொரு குத்தாகத் தீர்த்துவிடுகிறார்கள். நாவலில் பொய்ரோ இரண்டு விடைகளை முன்வைக்கிறார். வெளியாள் ஒருவன் ரயிலேறிக் கொன்றுவிட்டு ஓடிப்போனான் என்பது ஒன்று. நடந்த உண்மை மற்றொன்று. கூட இருக்கும் ரயில் கம்பெனி இயக்குநரும் டாக்டரும் பொய்யையே போலீசுக்குச் சொல்லலாம் என்கிறார்கள். சில வரிகளில் கதை முடிந்துவிடும். சிட்னி லூமெட் 1974-ல் எடுத்த சினிமாவில் முடிவு இன்னும் லேசு. கொன்றவர்கள் ஷாம்பெயின் கோப்பையோடு ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்கிறார்கள். பார்க்கிறவர்களும் நிம்மதியாக எழுந்து போகலாம்.

ஐ.டி.வி. 2010 கிறிஸ்துமஸ் நாளில் பிரிட்டனில் ஒளிபரப்பிய பொய்ரோ தொடரின் அத்தியாயம் அந்த நிம்மதியைத் தருவதில்லை. 1989 முதல் 2013 வரை 70 அத்தியாயங்களில் பொய்ரோவாக நடித்த டேவிட் சூஷே, இதில் மீசையை நீவிக்கொண்டு குறும்பு பேசும் பழைய மனிதராக இல்லை. சிடுசிடுக்கிறார், கத்துகிறார், ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு தனியே பிரார்த்திக்கிறார். இது நம்ம பொய்ரோவே இல்லை என்று முகம் சுளித்த ரசிகர்கள் உண்டு. ஆனால் பொய்ரோ கத்தோலிக்கர் என்பது கிறிஸ்டியே எழுதியதுதான். சூஷேயும் 1986-ல் ஓட்டல் அறையொன்றில் பைபிளைத் திறந்து, ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் படித்துக் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்தவர்.

அத்தியாயத்தின் உயிர்நாடி ஓர் இரவுக் காட்சி. ஒரு பெட்டியறையில் பொய்ரோ பிரார்த்திக்கிறார். இன்னொன்றில் ராட்செட்டும் பிரார்த்திக்கிறான். கேமரா இருவருக்கும் இடையே மாறி மாறிப் போகிறது. நாவலின் ராட்செட்டுக்குப் பக்தியெல்லாம் கிடையாது. இவனோ பாவமன்னிப்பு தேடி அலைகிறான். உயிர்ப்பயத்தில் வந்த பக்தியாகவே இருக்கட்டும், கேட்கிறான் அல்லவா? அந்த ரயிலில் தன் குற்றத்துக்காக மன்னிப்புக் கேட்பவன் அவன் ஒருவன்தான். குத்திய பன்னிரண்டு பேரிடம் அப்படி ஒரு வருத்தத்தைத் தேடினாலும் கிடைக்காது. பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று இயேசு சொன்னார், பாவமில்லாத நாங்கள் எறிந்தோம் என்று வாதாடுகிறார்கள்.

அந்த வாதத்துக்கு முன்னோட்டமாக, இஸ்தான்புல் தெருவில் ஒரு பெண்ணைக் கூட்டம் கல்லால் அடிக்கும் காட்சியை ஆரம்பத்திலேயே வைத்திருக்கிறார்கள். இது சறுக்கல். துருக்கிக் குடியரசு 1924-ல் ஷரியத் நீதிமன்றங்களை மூடிவிட்டு, 1926-ல் இத்தாலியச் சட்டத்தை ஒட்டித் தனக்குக் குற்றவியல் சட்டம் எழுதிக்கொண்ட நாடு. 1930-களின் இஸ்தான்புல்லில் இப்படிக் காட்டுவது, ஐரோப்பியரின் மனச்சிக்கலை எடுத்துக்காட்டக் கிழக்கைப் பலிகொடுப்பது. ரயிலுக்குள் நடப்பதே போதுமான கல்லெறி.

தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1797-ல் ஒரு தீவை உதாரணம் காட்டினார். அதன் மக்கள் சமூகத்தையே கலைத்துவிட்டுப் பிரிவதாக இருந்தாலும், சிறையில் இருக்கும் கடைசிக் கொலைகாரனைத் தண்டித்துவிட்டே போக வேண்டும் என்றார். பனியில் நிற்கும் இந்த ரயிலும் அப்படியொரு தீவு மாதிரிதான். கசெட்டி சாகத்தான் வேண்டும் என்பதற்குக் கான்ட் துணை நிற்பார். ஆனால் 12 பேர் கூடிவிட்டதாலேயே கோர்ட் ஆகிவிடும் என்பதை ஒப்பமாட்டார். ‘சட்டம் கீழே விழுந்தால் தூக்கி நிறுத்த வேண்டும், எடுத்துக்கொண்டு போகக் கூடாது’ என்ற ரீதியில் சூஷேயின் பொய்ரோ அவர்கள்மேல் சீறுவதும் இதனால்தான்.

அப்படிச் சீறியவர் கடைசியில் போலீசிடம் பொய் சொல்கிறார். அதை மன்னிப்பு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மன்னிக்கப் பொய்ரோ யார்? குழந்தையைப் பறிகொடுத்தவர் அவரல்ல. கசெட்டியும் அவருக்கு உறவல்ல. பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியாருமல்ல. பி.பி.சி. 2013 முதல் தந்துவரும் ‘ஃபாதர் பிரவுன்’ தொடரில் மார்க் வில்லியம்ஸ் நடிக்கும் பங்குத்தந்தைக்கு ஒரு வசதி உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே சொல்லக் கூடாது, ஆனால் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை. மனம் வருந்தாதவனுக்கு அவர் மன்னிப்பு வழங்கவும் முடியாது. பொய்ரோவோ விசாரித்து அறிந்த உண்மையை, வருத்தப்படாதவர்களுக்காக, வாய்திறந்து மாற்றிச் சொல்கிறார். அவர் செய்தது மறைப்பு. அது மறைப்புதான் என்று தெரிந்தே செய்கிறார். ஷாம்பெயின் முடிவு ஒளித்துவைத்ததை, பனியில் ஜெபமாலையோடு கண்கலங்கி நடந்துபோகும் இந்த முடிவு ஒப்புக்கொள்கிறது.

இந்தப் பழைய காலக் கதைகளில் இத்தனை கனம் வருவதற்குத் தூக்குக் கயிறும் காரணம். பிரிட்டனில் கடைசித் தூக்கு 1964 ஆகஸ்டில். அதற்கு முந்தைய காலத்தில் துப்பறிபவர் ஒருவனைப் பிடித்துக் கொடுத்தால், அவன் கழுத்தில் கயிறு விழக்கூடும். 1950-களில் நடக்கும் ‘கிராண்ட்செஸ்டர்’ தொடரின் இரண்டாம் பருவத்தில், கேரி பெல் என்ற இளைஞனைக் கயிற்றிலிருந்து காப்பாற்றப் பாதிரியார் சிட்னி சேம்பர்ஸ் எவ்வளவோ முயன்றும் தோற்கிறார். உயிர்நண்பரான இன்ஸ்பெக்டர் கீட்டிங்கோடு உறவே விரிசல் விடுகிறது. ஓரியண்ட் எக்ஸ்பிரஸிலும் உண்மையைச் சொன்னால் தூக்குமேடை காத்திருக்கலாம்.

பொய்ரோவின் கணக்கு அந்த ரயிலோடு தீரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது எழுதி, 1975 வரை கிறிஸ்டி வெளியிடாமல் வைத்திருந்த ‘கர்ட்டன்’ 2013 நவம்பரில் சூஷேயின் கடைசி அத்தியாயமாக வந்தது. பிறரைத் தூண்டிவிட்டுக் கொலை செய்யவைக்கும் நார்ட்டனைச் சட்டத்தால் தொடமுடியவில்லை. பொய்ரோ அவனைச் சுட்டுக் கொல்கிறார். பிறகு இதயநோய்க்கான மருந்தை வேண்டுமென்றே தள்ளிவைத்துவிட்டுச் சாகிறார். 12 பேருக்காகப் பொய் சொன்னவர், தன் கொலையை மட்டும் ஒளிக்காமல் எழுதி நண்பர் ஹேஸ்டிங்ஸுக்கு விட்டுப்போகிறார். தான் செய்தது நியாயமா இல்லையா என்று தனக்கே தெரியவில்லை என்கிறார். தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடுகிறார். நாவலில் அந்தக் கடிதம் ஹேஸ்டிங்ஸுக்குக் கிடைக்கும்போது பொய்ரோ இறந்து நான்கு மாதம் ஆகியிருக்கும்.