எட்டு லட்டுக் கணக்கு



காலை நேரத்தில் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் என்னென்ன சத்தம் கேட்கும்? 'எழுந்திரு', 'பல்லைத் தேய்', 'வீட்டுப்பாடம் முடிச்சியா', 'தம்பியை அடிக்காதே'. கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் அவர்கள் காதில் விழும் புத்திமதி கொஞ்சநஞ்சமல்ல. புத்திமதி என்றே தெரியாதபடி அதைச் சொல்லத் தெரிந்த ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம். அவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

1922 நவம்பர் 7 அன்று புதுக்கோட்டைச் சீமையிலுள்ள ராயவரத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து, வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எழுதச் சொல்லித் தூண்டியவர் அங்கிருந்த எழுத்தாளர் தி.ஜ.ர. பிறகு இந்தியன் வங்கியில் உத்தியோகம். பகலெல்லாம் பிறர் பணத்துக்குக் கணக்கு எழுதியவர், மீதி நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1944இல் 'மலரும் உள்ளம்' பாடல் தொகுப்பு வந்தது. தான் எழுதினால் மட்டும் போதாது என்று 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்நின்றார். ஓய்வு பெற்ற பிறகு 'கோகுலம்' இதழுக்குக் கௌரவ ஆசிரியராக இருந்தார்.

பாட்டிலும் ஒரு கணக்கு வைத்தார். ஒரு தட்டில் எட்டு லட்டு. அண்ணன் கிட்டு பாதியை எடுத்துக்கொள்கிறான். மீதி தங்கை பட்டுவுக்கு. தட்டு காலி. கதை அவ்வளவுதான்.

ஆனால் பாதி என்றால் எவ்வளவு என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. அண்ணனுக்கு எத்தனையோ, தங்கைக்கும் அத்தனை என்ற நியாயமும் உள்ளே போய்விடுகிறது. பையனுக்கு ஒன்று கூடுதலாக வைத்துப் பழகிய வீடுகளில் இது சின்ன விஷயமா? பகிர்ந்து சாப்பிடு என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. வரிக்கு வரி 'ட்டு', 'ட்டு' என்று முடியும் ஓசைதான் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத நாலு வயசுக்காரியும் இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை தானே சொல்லிவிடுவாள்.

அவர் 1989 மார்ச் 16 அன்று மறைந்தார். எழுதியவர் பெயர் தெரியாமலே அவர் பாட்டைப் பாடும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

'பாட்டுச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு நேரம் ஏது?' என்பீர்கள். நியாயம்தான். தறி போட்டிருக்கும் வீட்டில் கால் மிதியில், கை நாடாவில். அடுப்படியிலும் இரண்டு கையும் ஓயாது. வாய் சும்மாதானே இருக்கிறது? இன்று ஓர் அதட்டலைக் குறைத்து, ஒரு பாட்டைக் கூட்டுங்கள். உங்களுக்கு எதுவும் நினைவில் இல்லையென்றால் பிள்ளையையே கேளுங்கள். அங்கன்வாடியில் கற்றது ஒன்றாவது வைத்திருக்கும். அது பாடட்டும், நீங்கள் கூடச் சேர்ந்துகொள்ளுங்கள்.