பாட்டின்பம் முதிருமாறு

பாட்டின்மேற் சென்ற அன்பு வயதோடு விரியுங்கால் தன்சமயப் பற்றுத் தளருமோ என ஐயுறுவார் உளர். உ. வே. சாமிநாதையர் வரலாறு இவ்வையத்தை அகற்றும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடத்தும் திருவாவடுதுறை ஆதீனத்தும் பயின்ற இளமையில் அவர்க்கு யமகமும் திரிபும் இனித்தன. 1880-இல், தம் 25-ஆம் வயதில், குடந்தையில் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் அவர் பெரிதாக மதியாதது கண்டு ஐயர் திகைத்தார். அரும்பாடுபட்டுக் கற்றது போதாதெனக் கேட்டுப் பொறுத்தல் எளிதோ? பொறுத்தார், சைனரை அடுத்துப் பொருள் வினாவிச் சீவகசிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். சைவத்தைக் கைவிட்டாரல்லர். பழஞ்சுவையையும் இகழ்ந்திலர், சங்கநூல் பல பதிப்பித்தபின், தம் 78-ஆம் வயதில், 1933-இல், தம் ஆசிரியர் சரித்திரத்தின் முதற்பாகத்தை வெளியிட்டார்.